எட்டு பைட் தள்ளி

திங்கட்கிழமை காலை கல்லூரியில் துறை அலுவலகத்தில் சின்னவளுக்கு ஒரு பார்சல் வந்து கிடந்தது. செருப்பு டப்பா அளவு அட்டைப்பெட்டி. அதைச் சுற்றிப் பழுப்பு டேப்பை அனுப்பியவர் வஞ்சனையில்லாமல் ஒட்டியிருந்தார். பிரிக்க வீட்டுச் சாவி, பேனா, பல் எல்லாம் தேவைப்பட்டது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் இரண்டு போர்டுகள், ஒரு கடிதம். தண்ணீர்த் தொட்டி மேல் மாட்டி, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் மீட்டர் அது. செய்தவர் எங்கோ ஒரு பட்டறைக்காரர். அவளை அவருக்கு நேரில் தெரியாது.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். நான்கு பிள்ளைகளில் கடைசி என்பதால் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தாறு வயதாகி, பாதித் தலை நரைத்து, மூக்கில் கண்ணாடி ஏறிய பிறகும் வீட்டில் அதே பெயர்தான். கல்லூரியில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு: பதினொரு சதவீதம். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் கேன்டீனில் முதுகுக்குப் பின்னால், "பதினொரு சதவீதம் இன்னிக்கு லீவா?" என்று யாரோ கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. செங்கல் சூளையில் லோடு ஏற்றிப் பிழைத்த வீட்டில் பிறந்தவளுக்கு ஒரு எண் பட்டப்பெயராகக் கிடைத்தது மேல். சூளையில் ஆளுக்கு வைத்த பெயர்களை அச்சில் போட முடியாது.

அந்த எண் வந்த கதை இதுதான். மனிதர் எழுதும் புரோகிராமை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். துணி துவைக்கும் மெஷின், லிஃப்ட், காது கேட்கும் கருவி, இப்படி எதற்குள்ளேயாவது உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும் சின்ன சிப்புகளுக்கான கம்பைலர்தான் அவளுடைய இருபது வருடப் பிழைப்பு. ஏழு வருடத்துக்கு முன் அவளும் அவளுடைய ஆராய்ச்சி மாணவனும் கட்டளைகளை வேறு வரிசையில் அடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதினான்கு சோதனைப் புரோகிராம்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அதுவரை இருந்த பழைய கம்பைலரைவிடச் சராசரியாகப் பதினொரு சதவீதம் வேகம் கூடியது. இந்தத் தொழிலில் இரண்டு சதவீதம் கிடைத்தாலே ஆட்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார்கள். பதினொன்று என்றால் கேட்கவே வேண்டாம். ஓர் ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியானது, மாணவன் முனைவரானான், நாற்பது பேர் அதை மேற்கோள் காட்டி எழுதினார்கள். கம்பைலரை அவள் இலவசமாக இணையத்தில் போட்டாள்.

அந்த எண்ணை நம்பித்தான் வரும் வியாழக்கிழமை அவள் நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். பேராசிரியர் பதவி. மூன்று வருடம் காலியாகக் கிடந்த நாற்காலி. வேறு விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அந்த ஆளே வந்து, "உங்களுக்குத்தான் மேடம், நான் சும்மா பழகிப் பாக்கத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பட்டறைக்காரரின் கடிதம் கோடு போட்ட தாளில், கையெழுத்தில் இருந்தது.

"அம்மா, வணக்கம். உங்க கம்பைலர் போட்டப்புறம் எங்க மீட்டர் ஒருதரம் முழிச்சு வேலையை முடிச்சுத் தூங்க 41 மில்லிசெகண்ட் ஆச்சு. பழைய கம்பைலர்ல 46. பேட்டரி பத்து மாசம் வந்தது பதினொண்ணு வருது. ரொம்ப சந்தோஷம். போன மாசம் ஒண்ணும் மாத்தலை, திரையில காட்டற பதிப்பு எண்ணை மட்டும் 9ல இருந்து 10ன்னு ஆக்கினேன். ஒரு எழுத்துதான் கூடுச்சு. இப்ப 47 ஆகுது. பழைய கம்பைலரை விட மோசம். மூணு தரம் சரிபார்த்துட்டேன். என் தப்பா இருந்தா திட்டி எழுதுங்க. புதுப் பெட்டிக்கு அச்சடிக்கணும், எத்தனை மாசம்னு போடறதுன்னு தெரியலை."

சின்னவள் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். இது எதனால் என்று அவளுக்குப் பாதி தெரியும். தெரியாத மாதிரி போர்டுகளை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள்.

லேப் என்றால் ஒரு நீள மேசை, நான்கு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். சுவரோரம் இரும்பு அலமாரி. கதவைச் சாத்திக்கொண்டு போர்டை இணைத்தாள். முதலில் 9. நாற்பத்தொன்று. பிறகு 10. நாற்பத்தேழு. பட்டறைக்காரர் மீது தப்பில்லை. அவர் கணக்கு அவளுடைய மாணவர்கள் பாதிப்பேரின் கணக்கைவிடச் சுத்தமாக இருந்தது.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றும் செய்யாத கட்டளை என்று ஒன்று உண்டு. சிப் அதைப் படிக்கும், சும்மா இருக்கும், அடுத்ததுக்குப் போகும். இடத்தை மட்டும் அடைக்கும். அப்படிப்பட்ட வெற்றுக் கட்டளைகளைப் புரோகிராமின் தலைப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு தடவையும் நேரத்தை எடுத்தாள். புரோகிராமை அது தள்ளி உட்கார வைக்குமே தவிர வேறெதையும் மாற்றாது.

மத்தியானத்துக்குள் தாள் நிரம்பிவிட்டது. 41, 41, 44, 47, 47, 46, 43, 41. அலை மாதிரி ஏறி இறங்கியது. அதே வேலையைப் பழைய கம்பைலரில் செய்தாள். அங்கேயும் அதே அலை. 42, 42, 45, 48. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நடுவில் ஒரு நூலிழை வித்தியாசம்.

விஷயம் சிக்கலானதில்லை. சூளையில் கல்லைத் தட்டில் அடுக்கித் தூக்குகிற மாதிரி, அந்த சிப் தன் நினைவகத்திலிருந்து கட்டளைகளைப் பதினாறு பதினாறு பைட்டாக அள்ளும்; ஒரு பைட் என்பது ஓர் எழுத்து பிடிக்கும் இடம். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சின்ன வேலை, அதாவது லூப், ஒரே அள்ளலுக்குள் அடங்கினால் வேகம். பாதியில் வெட்டுப்பட்டு இந்தத் தட்டில் கொஞ்சம், அடுத்த தட்டில் கொஞ்சம் என்று கிடந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை அள்ள வேண்டும். எது எங்கே விழுகிறது என்பது அதற்கு முன்னால் எத்தனை பைட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பதிப்பு எண்ணில் ஒரு எழுத்து கூடினால் போதும், எல்லாம் தள்ளிப் போகும். பட்டறைக்காரருக்கு ஒன்பதில் அதிர்ஷ்டம் அடித்தது, பத்தில் கை விட்டுவிட்டது.

அப்படியானால் ஏழு வருடத்துக்கு முன் பதினான்கு புரோகிராமிலும் அவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்ததா? பதினான்கிலும்? அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை இரும்பு அலமாரியைத் திறந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினாள். தும்மல் வந்தது. பழைய புரோகிராம்களையும் தோண்டி எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். பத்து மணிக்கு ஆரம்பித்தவள் பதினொன்றரைக்குக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்க அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் ஒரு பெயர்ச்சீட்டு இருந்தது. எந்தக் கம்பைலர் இதைக் கட்டியது என்று சொல்லும் பெயர். பழைய கம்பைலருக்கு நான்கெழுத்துப் பெயர். புதியதற்குப் பன்னிரண்டு எழுத்து. எட்டு எழுத்து வித்தியாசம், எட்டு பைட். பதினாறில் சரிபாதி. பதினான்கு புரோகிராம்களையும் நேரம் அளக்க எழுதிய ஒரே சட்டகத்தில் பொருத்தியிருந்ததால் சீட்டுக்கு அடுத்தபடியாக எல்லாவற்றிலும் முக்கியமான லூப்தான் உட்கார்ந்திருந்தது. பழையதில் அது நடுவில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. புதியதில் எட்டு பைட் தள்ளி, கச்சிதமாக ஒரே தட்டில் அடங்கியிருந்தது. ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தனைப் பள்ளத்திலும் இன்னொருத்தனைத் தார் ரோட்டிலும் நிறுத்தி விசில் ஊதியிருக்கிறார்கள்.

சீட்டு எப்படி வந்தது? மூன்றாவது குறிப்பேட்டில் இருந்தது. அந்த வருடம் மாணவன் ஒரு தடவை பழைய முடிவையும் புதிய முடிவையும் மாற்றி எழுதிவிட்டான். அதற்கு அவள் போட்ட உத்தரவு, அவள் கையெழுத்து, சிவப்பு மை: "இனிமேல் கட்டுகிற ஒவ்வொன்றின் தலையிலும் பெயர் இருக்க வேண்டும். பெயரில்லாத எதையும் அளக்கக் கூடாது." கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருந்தாள்.

கவனக்குறைவால் வந்த தப்பு என்றால் தாங்கிக்கொண்டிருப்பாள். இது கவனத்தால் வந்த தப்பு.

மாணவனுக்கு லேபில் வைத்த பெயர் அரைப்புள்ளி. சேர்ந்த புதிதில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்காமல் விட்டு, மூன்று நாள் முட்டிக்கொண்டு, நாலாவது நாள் சிப்பே ரிப்பேர் என்று புகார் எழுதியவன். இப்போது வேறொரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இரண்டு பிள்ளைகள். வேலை நிரந்தரமாவதற்கான கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. சின்னவள் மத்தியானம் அவனுக்குப் போன் செய்தாள்.

"மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். வியாழக்கிழமைக்கு ஆல் த பெஸ்ட். பேராசிரியர் ஆனதும் எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுக்கோங்க."

"கிண்டல் அப்புறம் பண்ணு. ஒரு விஷயம் சொல்றேன், முழுசா கேட்டுட்டுப் பேசு."

சொன்னாள். அலை, சீட்டு, எட்டு பைட், எல்லாம். அந்தப் பக்கம் முதலில் "ம்" கொட்டினான். யாரோ குழந்தை பின்னால் பென்சில் கேட்டது. "போ, அம்மாகிட்ட கேளு" என்றான்.

"பதினாலுலயுமா மேடம்?"

"பதினாலுலயும்."

"நிஜமா எவ்ளோ மிச்சம்?"

"இதுவரைக்கும் நாலு ஓட்டியிருக்கேன். ஒண்ணு, ஒண்ணரை. அவ்ளோதான்."

"அந்த லேப்ல ஆறு வருஷம் மேடம்." குரல் இறங்கியிருந்தது. "என் கல்யாணத்தைக்கூட அந்தக் கட்டுரை வர்றவரைக்கும் தள்ளிப் போட்டேன். எங்க மாமனார் வீட்டுல, மாப்பிள்ளை என்ன கண்டுபிடிச்சார்னு யாராவது கேட்டா, இன்னிக்கும் பதினொண்ணுன்னுதான் சொல்றாங்க. என்னன்னு தெரியாது, ஆனா பதினொண்ணு தெரியும்."

"சீட்டு வைக்கச் சொன்னது நான். என் கையெழுத்துல இருக்கு. உன் தப்பு ஒண்ணுமில்ல."

"யாரு தப்புன்னு நான் கேக்கலையே. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"இதழுக்கு எழுதணும். நேர்முகத்துல..."

"நேர்முகத்துலயா? உங்களுக்கு என்ன ஆச்சு?" இப்போதுதான் சூடு ஏறியது. "வெள்ளிக்கிழமை எழுதுங்க மேடம். வியாழன் முடியட்டும். வெள்ளிக்கிழமை சொன்னாலும் அதே உண்மைதானே? ஒரு நாள்ல புளிச்சா போயிடும்?"

அவன் சொன்னது முட்டாள்தனமாக இல்லை என்பதுதான் சங்கடம்.

"என் கோப்பையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, "வைக்கிறேன் மேடம், கிளாஸ் இருக்கு" என்றான். அன்று அவனுக்கு மத்தியான வகுப்பு கிடையாது. அவளுக்குத் தெரியும்.

துறைத்தலைவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மாலை டீ நேரத்தில் அவர் அறைக்குப் போனாள். பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிடுகிற மனிதர். பாதி எப்போதும் டம்ளரில் விழுந்துவிடும், கரண்டியால் மீட்டெடுப்பார். அவள் நீட்டிய தாளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஒரு பட்டறைக்காரருக்குப் பாதி தெரியும். என் பழைய மாணவனுக்கு முழுசும் தெரியும்."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னே வச்சுக்கலாம்." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மேடம், நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. கேட்டா சொல்லுங்க. கேக்கலைன்னா நீங்களா எடுத்து வைக்காதீங்க. வர்ற அஞ்சு பேர்ல மூணு பேருக்கு நீங்க என்ன பண்றீங்கன்னே தெரியாது. மீதி ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கணும். எவன் கேக்கப் போறான்?"

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா பேராசிரியர். உக்காந்து நிதானமா திருத்தம் எழுதுங்க. பேராசிரியர் எழுதற திருத்தத்துக்கு மரியாதையே தனி." விழுந்த பிஸ்கட்டைக் கரண்டியால் தேடிக்கொண்டே, "மூணு வருஷம் அந்த நாற்காலிக்காக நான் எத்தனை படி ஏறியிருக்கேன் தெரியுமா?" என்றார். அது உண்மை.

வீட்டில் அவளும் அக்காவும்தான். அக்கா கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி. முப்பது வருடத்தில் விரல்கள் கம்பி மாதிரியே ஆகிவிட்டன. பாட்டில் மூடி எதுவும் அவளிடம் மல்லுக்கு நின்றதில்லை. சின்னவளின் பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் அந்த விரல்கள் முறுக்கியதுதான். அதைச் சொல்லிக் காட்டும் வழக்கம் அக்காவுக்கு இல்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவாள்.

சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "என்னடி, மூஞ்சி காத்துப்போன டயர் மாதிரி இருக்கு?"

சின்னவள் சொன்னாள். அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்வது அவளுக்குப் பழக்கம்தான். இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். அக்கா மென்றுகொண்டே கேட்டாள்.

"சரி. நீ செஞ்ச தப்புல யாரு தலையில என்ன விழுந்துச்சு?"

"யாரு தலையிலயும் ஒண்ணும் விழலை. பேட்டரி ஒரு மாசம் முன்னாடி தீந்துபோகும்."

"அவ்ளோதானா?" அக்கா கையை உதறினாள். "இதுக்கா ரெண்டு நாளா நீ உர்ருன்னு இருக்க? நான் என்னமோ எவனையோ கொன்னுட்டியோன்னு பயந்துட்டேன். அடியே, நாங்க கட்டின தூண்ல இன்ஜினியர் சொன்ன கம்பி சொன்ன இடத்துல எத்தனை இருக்கும்னு நினைக்கிற? கான்கிரீட் போட்டா மூடிக்கும். வாயை மூடிக்கிட்டு வேலையை வாங்கு. அப்புறம் உன் நியாயத்தை நடத்து."

"அக்கா, நீ தப்பா கட்டினா பிரிச்சுத் திருப்பிக் கட்ட வைப்பியே. போன மாசம்கூட ஒருத்தனை..."

"அது கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி. ஊத்தி ஏழு வருஷம் ஆனதை எவளாவது உடைப்பாளா?" என்றாள் அக்கா. "உன்னை யாரு படிக்க வச்சாங்களோ, அவளை உதைக்கணும்."

சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா சும்மா சொல்லவில்லை. அவளுக்கு முட்டி போய்விட்டது, அடுத்த வருடம் வேலையை விடப்போகிறாள். தங்கை பேராசிரியர் என்று சாரத்தில் ஏறி நின்று சொல்ல அவளுக்கு ஒரு வருடம்தான் பாக்கி.

புதன்கிழமை காலை பட்டறைக்காரர் போன் செய்தார். பின்னால் டிரில்லிங் மெஷின் சத்தம்.

"அம்மா, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. அச்சகத்துக்காரன் உயிரை எடுக்கறான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பிளேட் போடணுமாம். பத்தா, பதினொண்ணா?"

ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லலாம். சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. பத்தா, பதினொண்ணா. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் கேட்கிற கேள்வி. அதற்குச் சுற்றி வளைக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"உங்க தப்பு எதுவும் இல்லீங்க," என்றாள். "புரோகிராம் எந்த இடத்துல உக்காருதுங்கறதைப் பொறுத்து மாறுது. அந்த லூப்புக்கு முன்னாடி ஒரு வரி சேருங்க. எப்பவும் பதினாறோட மடங்குல ஆரம்பின்னு சொல்ற வரி. அனுப்பி வைக்கிறேன். சேர்த்துட்டா எப்பவும் நாப்பத்தொண்ணுதான். பதினொரு மாசம்னே அச்சடிங்க."

"அப்பாடா! நல்லதாப் போச்சு. உங்க கம்பைலர்..."

"இருங்க. அந்த வரியைப் பழைய கம்பைலர்ல போட்டாலும் நாப்பத்திரண்டு வரும். எங்களோடது ஒண்ணும் பெரிசா பண்ணலை."

டிரில்லிங் சத்தம் நின்றது. அவர் யாரையோ நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரே வரியா?"

"ஒரே வரி."

"அப்ப ஏழு வருஷமா நீங்க..."

"ஆமாங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வேண்டுமென்று இல்லை, தடுக்க முடியாமல் வந்த சிரிப்பு. "மன்னிச்சுக்கோங்கம்மா. நான் போன வருஷம் ஒரு மோட்டாரை நாலு நாள் பிரிச்சு மேஞ்சேன். பிளக்கே சொருகலை." சின்னவளும் சிரித்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் மூச்சு சரியாக விட்டது அப்போதுதான்.

போனை வைத்தபிறகு முடிவு செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. முகம் தெரியாத ஒரு பட்டறைக்காரரிடம் புதன்கிழமை உண்மையைச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை ஐந்து பேர் எதிரில் உட்கார்ந்து அவர்கள் கேட்கிறார்களா இல்லையா என்று வாயைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. நியாயம் தர்மம் என்று அவள் பெரிதாக எதையும் நினைக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் எதை யாரிடம் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்த வேலை கைவராது.

மீதிப் பத்துப் புரோகிராம்களையும் அன்றைக்கே ஓட்டி முடித்தாள். சராசரி ஒன்றரை.

நேர்முக அறையில் நீள்வட்ட மேசை, ஆறு தண்ணீர் பாட்டில். ஐந்து பேர். துறைத்தலைவர் ஓரத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்து, வேண்டாம் என்பது போல் புருவத்தை மட்டும் அசைத்தார். தலைமை வகித்தவர் வழக்கமாக ஆரம்பித்தார்.

"உங்க முக்கியமான பங்களிப்பு பத்திச் சொல்லுங்க."

"சொல்றேன் சார். அது தப்புன்னு மூணு நாள் முன்னாடி தெரிஞ்சுது. முதல்ல அதைச் சொல்லிடறேன்."

அலையைத் திரையில் போட்டாள். சீட்டைக் காட்டினாள். தன் சிவப்பு மை உத்தரவையும் படமெடுத்துப் போட்டிருந்தாள். பன்னிரண்டு நிமிடம் பேசினாள். ஒருவர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். துறைத்தலைவர் மேல்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர்தான் இந்தத் துறைக்காரர். அவர் முன்னால் சாய்ந்தார். "இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி நாற்பது கட்டுரை இருக்கு."

"தெரியும் சார்."

"அதுல ரெண்டு என்னோடது."

"தெரியும் சார். படிச்சிருக்கேன்."

அவர் மட்டும் சிரித்தார், அதுவும் பாதிதான். "நாங்களும் சீட்டு வச்சுத்தான் அளக்கறோம்," என்றார் தனக்குள் பேசுகிற மாதிரி. பிறகு, "இப்ப என்னதான் மிச்சம்?" என்றார்.

"ஒன்றரை சதவீதம். அப்புறம், இனி எப்படி அளக்கக் கூடாதுங்கறது."

தலைமை வகித்தவர் நன்றி சொன்னார். நல்ல மனிதர். கதவுவரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வரிக் கடிதம் வந்தது: பதவி இம்முறை நிரப்பப்படவில்லை, இரண்டாண்டு கழித்து மீண்டும் அறிவிக்கப்படும். பழகிப் பார்க்க விண்ணப்பித்தவருக்கும் இல்லை. அவர் வந்து, "உங்களால எனக்கும் போச்சு மேடம்" என்று கை கொடுத்தார்.

அக்காவிடம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. "உடைச்சிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"உடைச்சிட்டேன்."

"நான் சொல்லி நீ என்னிக்குக் கேட்ட? சரி வை, இங்க ஒருத்தன் கம்பி வளையத்தைத் தலைகீழா மாட்டிக்கிட்டு நிக்கறான்." வைத்துவிட்டாள். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்பதால் சின்னவள் கூப்பிடவில்லை.

சாயங்காலம் இதழுக்கு எழுத உட்கார்ந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம். தப்பு எப்படி வந்தது என்பதற்கு அவள் எழுதியது மூன்று வரி: பெயர்ச்சீட்டு வைக்கச் சொன்னது நான், அதன் நீளத்தைக் கவனிக்காதது நான், பொறுப்பு என்னுடையது மட்டுமே. இன்னொரு ஆசிரியர் என்ற முறையில் ஒரு நகலை அரைப்புள்ளிக்கு அனுப்பினாள். கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"என்ன மேடம் இது?"

"உன் கோப்புக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன்."

"கோப்பு கிடக்கட்டும். 'நான், நான், என்னுடையது மட்டுமே.' அப்ப ஆறு வருஷம் அந்த லேப்ல நான் என்ன பண்ணினேன்? டீ வாங்கிட்டு வந்தேனா?"

"டேய், நான் உன்னைக் காப்பாத்தறேன்."

"நீங்க என்னைக் காப்பாத்தலை, அழிக்கறீங்க. இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? இந்தப் பையன் சும்மா பேரு மட்டும் போட்டிருக்கான், ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பான். அந்தச் சட்டகத்தை எழுதினது நான். பதினாலையும் அதுக்குள்ள பொருத்தினது நான். சீட்டை லூப்புக்கு நேரே முன்னாடி கொண்டுபோய் வச்சது யாரு? உங்க சிவப்பு மையில அது இருக்கா?"

அவள் குறிப்பேட்டைப் பார்த்தாள். இல்லை. தலையில் வை என்றுதான் இருந்தது. எந்த இடத்தில் என்று இல்லை.

"வேலையில பாதிப் பங்கு குடுத்தீங்க," என்றான். "தப்பை மட்டும் முழுசா நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?"

"செவ்வாய்க்கிழமை வேற மாதிரி பேசினே."

"செவ்வாய்க்கிழமை பயந்துட்டேன். இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு. அது வேற." அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நேத்தும் இன்னிக்கும் லீவு போட்டு என் போர்டுல பதினாலையும் ஓட்டினேன். ஒவ்வொண்ணையும் அறுபத்துநாலு இடத்துல வச்சு. சராசரி ஒண்ணு புள்ளி ஏழு."

"எனக்கு ஒண்ணு புள்ளி அஞ்சுதான் வந்துது."

"நீங்க எத்தனை இடத்துல வச்சீங்க?"

"எட்டு."

"எட்டா? மேடம், இத்தனை பட்ட பிறகும் எட்டா?"

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடிதத்தின் அந்த மூன்று வரியை அழித்தாள். "சரி, சொல்லு. மெதுவா சொல்லு, டைப் பண்றேன்."

"சட்டகத்தை எழுதியதும், பெயர்ச்சீட்டை லூப்புக்கு முன் வைத்ததும் இரண்டாம் ஆசிரியர்."

"இரண்டாம் ஆசிரியர்," என்று அடித்தாள்.

"பெயர்ச்சீட்டு வைக்கச் சொன்னது முதல் ஆசிரியர்."

"முதல் ஆசிரியர்."

"நீளத்தை இருவருமே கவனிக்கவில்லை."

"'இருவருமே' எதுக்கு? 'இருவரும்' போதும்."

"போதும்னா போடுங்க. அடுத்து அறுபத்துநாலு இட அட்டவணையைச் சேருங்க. உங்க எட்டு வேண்டாம்."

அட்டவணையைச் சேர்த்தாள். ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துக் காட்டினாள். அவன் ஒரு இடத்தில் நிறுத்தி "மிக" என்பதை எடுக்கச் சொன்னான், எடுத்தாள். அனுப்பட்டுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவன் மனைவியிடம் ஏதோ சொல்வது கேட்டது, மனைவி ஏதோ கேட்பது கேட்டது, பிறகு அவன், "அனுப்புங்க மேடம்" என்றான்.

அனுப்பினாள்.